16 கே.பி. ஸ்பெக்ட்ரமில் தமிழ் எழுத்து: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

பழைய வீட்டுக் கணினி ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "இதில் இன்னும் எவ்வளவு மெமரி சேர்க்கலாம்?" என்பதுதான். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. மெஷின் எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நிரல் எழுதத் தொடங்க வேண்டும். அந்த நிரல் ஏதாவது ஓரிடத்தில் முட்டும். இடம் போதாது, அல்லது வேகம் போதாது, அல்லது ஒவ்வொரு முறையும் ஏற்றுவதிலேயே பொறுமை தீரும். எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் விரிவாக்கினால், சாலிடர் வைக்கிற ஒவ்வொரு காலும் எதற்கென்று தெரிந்து வைப்போம். நான் அப்படித்தான் போனேன். என் நிரல் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழ் எழுத்து.

என்னிடம் இருப்பது 16 கே.பி. (கிலோபைட்) நினைவகம் கொண்ட சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியான மெஷின். 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ பிராசசர், ரோம் என்ற அழியாத 16 கே.பி. நினைவகத்துக்குள் பேசிக் மொழி, ரப்பர் சாவிகள், வலது ஓரத்தில் வானவில் பட்டை. நம் நாட்டில் இதன் அடுத்த வடிவத்தை 1986இல் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று விற்றது. பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நமக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்ற வேறொரு கணினி. ஆக, ரப்பர் சாவி வைத்த 16 கே.பி. ஸ்பெக்ட்ரம் இந்தப் பக்கம் கிடைத்தால், அது யாரோ ஒருவருடைய பெட்டியில் கடல் தாண்டி வந்ததாகத்தான் இருக்கும். செட்டிநாட்டில் அது அதிசயமில்லை. பர்மா, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்வந்த வீடுகள். பங்கு பிரிக்கும்போது எனாமல் தூக்குச் சட்டியும் சுவர்க் கடிகாரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். அந்தத் தெருவில்தான் இதையும் வாங்கினேன். கடைக்காரர் கால்குலேட்டர் வரிசையில் வைத்திருந்தார்.

முதலில் மின்சாரம். எனக்கு சாலிடரிங் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர் டிவி மெக்கானிக் அண்ணன். மெஷினைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்ததும், "தம்பி, முதல்ல சப்ளைய அள. போர்டத் தொடுறது அப்புறம்" என்றார். ஸ்பெக்ட்ரம் விஷயத்தில் இதைவிட நல்ல அறிவுரை இல்லை. அதற்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர் அளவு. ஆனால் பிளக்கின் நடுமுனை மைனஸ். நம் கடைகளில் கிடைக்கும் ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். அளவு பொருந்துகிறது என்று அப்படியே செருகினால் போர்டு போய்விடும். வயரை வெட்டித் திருப்பி இணைத்து, மல்டிமீட்டரில் நடுமுனையில் மைனஸ் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் செருக வேண்டும். நல்ல 9 வோல்ட் சுவிட்ச்சிங் அடாப்டர் ஒன்று, 2 ஆம்பியர் தரக்கூடியது, போதுமானது. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் சுமை இல்லாதபோது 9ஐத் தாண்டி நிறையக் கொடுக்கும். நம் ஊர் கரண்ட் ஏறி இறங்கும்போது இன்னும் கூடும். அதை நினைவுப்பொருளாக அலமாரியில் வைத்துவிடலாம்.

உள்ளே போன 9 வோல்ட்டை 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டாக்குகிறது. மிச்சம் முழுவதும் வெப்பம். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் வீட்டுக்குள்ளேயே என்ன சூடு இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் 7805ஐ எடுத்துவிட்டு அதே மூன்று கால் அமைப்பில் வரும் சிறிய சுவிட்ச்சிங் ரெகுலேட்டர் போட்டேன். விரிவாக்கம் எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய மாற்றம் இது என்பது என் கருத்து. மெஷின் குளிர்ந்துவிட்டது, பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்களின் ஆயுளும் நீளும்.

கெபாசிட்டர் பேச்சு வந்ததால் ஒன்று. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருப்பது திரவம். வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்ந்துபோகிறது. 40 ஆண்டு ஆன மெஷினில் அத்தனையையும் மாற்றிவிடுவது நல்லது, ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மின்வேதியியலுக்கென்றே 1953இல் திறந்த மத்திய ஆய்வு நிலையம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. மாற்றும்போது பிளஸ் மைனஸ் பக்கத்தைப் போர்டில் பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு ஒன்றொன்றாக எடுக்க வேண்டும். மொத்தமாகக் கழற்றிவைத்துவிட்டுத் தேடக் கூடாது.

அடுத்தது 16 கே.பி. நினைவகத்தின் மூன்று மின்னழுத்தங்கள். கீழ் நினைவகத்தில் இருப்பவை 4116 என்ற சிப்புகள், எட்டு. அவற்றுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது, 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். முதல் காலில் மைனஸ் 5, எட்டாவது காலில் 12, ஒன்பதாவது காலில் 5, பதினாறாவது கால் கிரவுண்டு. மைனஸ் 5 வராமல் மற்றவை வந்தால் சிப் சூடாகி இறந்துபோகும். இந்த அழுத்தங்களை உருவாக்கும் சிறிய சுற்று போர்டிலேயே இருக்கிறது. அதில் போவது பெரும்பாலும் டிஆர்4 என்று குறித்த டிரான்சிஸ்டர். அது போனால் நினைவகச் சிப்பும், சிப் போனால் அதுவும் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். அதனால் மெஷினை முதல்முறை ஓட்டும்போது திரையைப் பார்க்காமல் மீட்டரைப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் டிவி.

டிவி என்றதும் இன்னொரு சிக்கல். இந்த மெஷின் படத்தை டிவி ஆன்டெனா வழியாக, யுஎச்எஃப் அலைவரிசையின் 36ஆம் சேனலில் அனுப்புகிறது. பழைய டிவி சிலவற்றில் யுஎச்எஃப் இல்லை. புதியவற்றில் கிடைத்தாலும் படம் மங்கல். அப்படி மாற்றி அனுப்பும் மாடுலேட்டர் பெட்டிக்குள் போகும் இரண்டு வயரில் ஒன்று 5 வோல்ட், இன்னொன்று வீடியோ. 5 வோல்ட்டைத் துண்டித்துவிட்டு, வீடியோவை நேராக வெளிச் சாக்கெட்டின் நடுமுனைக்குக் கொண்டுவந்தால் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் சுத்தமான படம் வந்துவிடும். சாவிகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள் போன்ற கீபோர்டு மெம்பிரேன் உலர்ந்து, போர்டில் செருகும் வால் பகுதியில் விரிசல் விடும். புதிதாகவே செய்து விற்கிறார்கள், வாங்கிவிடலாம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நிரல்.

16 கே.பி. என்று பெயர்தானே ஒழிய அத்தனையும் நமக்கில்லை. 256க்கு 192 புள்ளித் திரைக்கு 6144 பைட், வண்ணத்துக்கு 768 பைட், ஆக 6912 பைட் திரைக்கே போய்விடும். மெஷினின் சொந்தக் கணக்குவழக்குகளையும் கழித்தால் நமக்கு மிஞ்சுவது 9000 பைட்டுக்கும் குறைவு. இந்த இடத்துக்குள் தமிழைக் கொண்டுவர வேண்டும்.

ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துக்கு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓர் எழுத்து 8க்கு 8 கட்டம். ஒரு வரிக்கு ஒரு பைட். எழுத்துக்கு 8 பைட். அப்படி 21 எழுத்துகள். நான் முதலில் இதில்தான் ஆரம்பித்தேன். ப, ட, ம எல்லாம் எட்டுக்கு எட்டில் அழகாக வரும். ண வராது. ணவையும் னவையும் அந்த அகலத்தில் கண் பிரித்தறிய முடியாது. ஞூ, ழூ பக்கமே போக வேண்டாம். தமிழுக்கு 16க்கு 16 கட்டம் வேண்டும், அதாவது எழுத்துக்கு 32 பைட்.

எத்தனை வடிவம்? 247 எழுத்துக்கும் தனித்தனியாக வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1. மெய் 18க்கும் ஆறு வடிவம்: வெறும் உடல், புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம், ஆக 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று துணை எழுத்து 4. மொத்தம் 125. 32ஆல் பெருக்கினால் சரியாக 4000 பைட். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளை மற்றவற்றைப் போல் ஆக்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் நீண்டிருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் முகப்பில் பொறித்திருக்கும் பழைய ‘லை’யையும் ‘ணை’யையும் பார்க்கும்போதெல்லாம் அவை எத்தனை பைட் பிடிக்கும் என்று மனம் கணக்குப் போடும்.

வரைவதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போல வசதியானது வேறில்லை. 16 கட்டத்தைப் பென்சிலால் சுற்றி வளைத்துக்கொண்டு, நிரப்பிய கட்டம் 1, காலிக் கட்டம் 0. எட்டெட்டுக் கட்டமாகப் பிரித்து, இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று கூட்டினால் ஒரு பைட். எல்லாக் கட்டத்தையும் நிரப்பக் கூடாது. வலது ஓரத்தில் ஒரு பத்தியும் அடியில் ஒரு வரியும் காலியாக விட்டால்தான் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கோட்டின் தடிமன் இரண்டு புள்ளி இருக்கட்டும். ஒரு புள்ளிக் கோடு டிவி திரையில் நிறம் பிசிறி மறைந்துவிடும்.

இப்படிக் கிடைத்த எண்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பேசிக்கில் டேட்டா வரிகளில் எழுதிவைக்கலாமே என்று தோன்றும். ஸ்பெக்ட்ரம் பேசிக் நிரலில் நாம் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் 6 பைட் சேர்த்துவைக்கிறது. அந்த எண்ணைக் கணக்குப் போட ஆயத்தமான வடிவில் வைத்துக்கொள்வதற்காக. மூன்றிலக்க எண், ஒரு காற்புள்ளி, மறைந்திருக்கும் 6 என்று சேர்த்தால் 10 பைட். 4000 எண்களுக்கு 40,000 பைட்! இதே கணினியின் 48 கே.பி. வடிவமாக இருந்தாலும் வேறெதற்கும் இடமிருக்காது. அதனால் எண்களைப் பகுதி பகுதியாக ஒரு சிறிய நிரலால் நினைவகத்தில் போக் செய்து (ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதும் கட்டளை அது), அந்த 4000 பைட்டையும் அப்படியே ‘கோடு’ வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு நிரல் ஓடும்போது அதை நேராக ஏற்றிக்கொள்ளலாம்.

16 கே.பி.யில் நான் வைத்த அமைப்பு இது; எண்கள் எல்லாம் நினைவக முகவரிகள். கிளியர் 27999 என்று கொடுத்தால் பேசிக் அதற்கு மேல் வராது. 28000 முதல் 31999 வரை எழுத்துகள். 32000இலிருந்து அவற்றைத் திரையில் வரையும் மெஷின் கோடு, அதாவது பிராசசர் நேராகப் புரிந்துகொள்ளும் கட்டளை எண்கள். பேசிக் நிரலுக்கு 23755இலிருந்து 27999 வரை; அதாவது 4200 பைட்டைச் சுற்றி. இதிலும் ஊர்ப் பெயர்களைத் திரையில் காட்டும் அளவுக்கு நிரல் எழுத முடிந்தது.

மெஷின் கோடு என்றதும் பயப்பட வேண்டாம். நம் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் 8085 பிராசசர் வைத்த பயிற்சிக் கிட்டில் எண்களைத் தட்டிய கைகள். 8085ம் இசட்80ம் 8080 வழி வந்தவை. பெரும்பாலான கட்டளைகளுக்கு எண் ஒன்றேதான். அங்கே எம்விஐ ஏ என்று படித்தது இங்கே எல்டி ஏ என்று பெயர் மாறியிருக்கும், ஆனால் இரண்டுக்கும் எண் 62. திரும்பிப் போகும் கட்டளை இரண்டிலும் 201. 16 பிட் எண்ணில் சிறிய பாதி முன்னால் வரும் வழக்கமும் ஒன்றே. கவனிக்க வேண்டியது 32, 48 இரண்டும்; 8085இல் அவை ரிம், சிம் என்ற வேறு கட்டளைகள். இசட்80இல் அவை நிபந்தனையோடு தாவும் கட்டளைகள். பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பெக்ட்ரம் திரையின் அமைப்பு முதலில் குழப்பும். முகவரி 16384இல் தொடங்கி மேலிருந்து கீழாக வரிசையாகப் போகாது. திரை மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 64 புள்ளி வரி. ஓர் எட்டுப் புள்ளி உயரக் கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக முகவரியில் 256 கூட்ட வேண்டும். அடுத்த எழுத்து வரிசைக்குப் போக 32. எழுத்து இரண்டு பகுதிகளின் எல்லையில் விழுந்தால்தான் தொல்லை. ஆனால் நம் தமிழ் எழுத்தின் உயரம் 16 என்பதால், ஒரு பகுதிக்குச் சரியாக 4 வரிசை அடங்கிவிடுகிறது. எந்த எழுத்தும் எல்லையைத் தாண்டி விழாது. அதனால் வரையும் நிரல் மிகவும் சின்னதாகிறது: இடது பைட், வலது பைட், 256 கூட்டு, இப்படி 8 தடவை, பிறகு பழைய இடத்துக்கு வந்து 32 கூட்டி இன்னும் 8 தடவை. 12 வரிசை, வரிசைக்கு 16 எழுத்து.

இதில் ஒரு திருத்தம் செய்தேன். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மூன்றும் 8 புள்ளி அகலத்துக்குள் அடங்கும். அவற்றுக்குப் பாதி அகலம் கொடுத்ததும் எழுத்துகள் நெருங்கி வந்து வாசிக்க இயல்பாகிவிட்டது. கானாடுகாத்தான் என்ற பெயர் 11 இடம் பிடித்தது. அதில் நான்கு கால் இருப்பதால் 9 இடத்துக்குள் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வந்து திரையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் என்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர்கள் ஓரிடத்தில் நிறுத்தி, "ஏம்ப்பா, அந்த ‘டு’வுக்குச் சுழி பத்தலையே, ‘ட’ மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். தூரத்தில் போய் நின்று பார்த்தேன், உண்மைதான். கணினி பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் எழுத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குக் கற்றது. நாமே வரைந்த எழுத்து நம் கண்ணுக்கு எப்போதும் சரியாகவே தெரியும். மறுவாரம் வந்தபோது திருத்திய ‘டு’வை அவர்களே பார்த்துச் சரி என்றார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் இடம் முட்டியது. எழுத்துகளைத் திரையிலேயே திருத்தும் ஓர் எடிட்டர் வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். 4200 பைட்டில் அது அடங்கவில்லை. சரி, இப்போது நினைவகம்.

என் போர்டில் கூடுதல் 32 கே.பி.க்கு இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது. இஷ்யூ 2, 3 என்ற பதிப்புகளின் போர்டுகளில் இப்படித்தான். வேண்டியது எட்டு நினைவகச் சிப், நான்கு லாஜிக் சிப்: 74எல்எஸ்157 இரண்டு, 74எல்எஸ்00 ஒன்று, 74எல்எஸ்32 ஒன்று. சின்க்ளேர் நிறுவனம் இதில் போட்டது 4532 என்ற வகை. அது உண்மையில் 64 கிலோபிட் சிப். சோதனையில் ஒரு பாதி மட்டும் தேறியவற்றை மலிவாக வாங்கிப் போட்டார்கள். எந்தப் பாதி நல்லது என்பதைப் போர்டில் ஓர் இணைப்புக் கம்பி சொல்லும். இன்று 4164 போட்டால் முழுவதும் நல்லது, பாதியை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்தச் சிப்புகள் அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் மறந்துவிடும். இசட்80 தானாகப் புதுப்பிப்பது 128 வரிசைதான், ஏனென்றால் அதன் எண்ணி 7 பிட். 256 வரிசைப் புதுப்பித்தல் கேட்கும் 4164களும் உண்டு. அவை இங்கே நம்பகமாக ஓடாது. டேட்டா தாளில் 128 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

லாஜிக் சிப்புகளும் சாக்கெட்டுகளும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வந்தன. நினைவகச் சிப் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது; புதியது என்று சொல்லி அனுப்பியவற்றில் கால்களில் பழைய சாலிடர் ஒட்டியிருந்தது. இந்த வகைச் சிப் இனி யாரும் செய்வதில்லை, பழைய போர்டிலிருந்து எடுத்ததுதான் பெரும்பாலும் வரும். எட்டு வேண்டுமென்றால் கூடுதலாகச் சில வாங்குங்கள்.

சிப்பை நேரடியாகச் சாலிடர் செய்யாமல் சாக்கெட் வைக்க வேண்டும். நினைவகத்துக்கும் 157க்கும் 16 கால், மற்ற இரண்டுக்கும் 14. சாக்கெட் வைத்ததும் சிப் செருகாமலேயே அடுத்தடுத்த கால்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மீட்டரில் பார்த்து, மெஷினை ஓட்டி, பழைய 16 கே.பி. இன்னும் வேலை செய்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு லாஜிக், மறுபடியும் ஓட்டிப் பார்த்தல். கடைசியில் நினைவகம். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான். நேரம் பிடிக்கும் வழி. ஆனால் பிழை வந்தால் கடைசியாகச் செய்த வேலையில்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும்.

வேலை செய்கிறதா என்று அறிய நிரலே தேவையில்லை. 23732இல் பீக் செய்து (அங்கே உள்ள எண்ணைப் படித்து), அதோடு 23733இல் பீக் செய்ததை 256ஆல் பெருக்கிக் கூட்டி பிரிண்ட் செய்தால், மெஷின் தான் கண்டுபிடித்த நினைவகத்தின் கடைசி முகவரியைச் சொல்லும். 16 கே.பி.யில் 32767. 48 கே.பி.யில் 65535. எனக்கு முதலில் 32767தான் வந்தது. இங்கேதான் இந்தப் பழைய மெஷினின் நேர்மை தெரிகிறது. எட்டுச் சிப்பில் ஒவ்வொன்றும் ஒரு பைட்டின் ஒரேயொரு பிட்டை வைத்திருக்கிறது. 40000இல் 255ஐ போக் செய்து, அதையே பீக் செய்தேன். 253 வந்தது. 2 குறைகிறது, 2 மதிப்புள்ள பிட்டைத் தாங்கும் சிப் ஒன்றுதான் கெட்டது. சுற்றுப்படத்தில் அதைக் கண்டுபிடித்து மாற்றியதும் 65535. கீபோர்டில் தட்டிய இரண்டு வரியில், எட்டில் எது நோயாளி என்று மெஷினே விரல் நீட்டிவிட்டது. இன்றைய லேப்டாப்பில் இந்தச் சந்தோஷம் கிடைக்குமா என்றால், எனக்குக் கிடைத்ததில்லை.

விரிவாக்கிய 32 கே.பி.யால் இடம் மட்டும் கூடவில்லை, வேகமும் கூடியது. கீழ் 16 கே.பி.யைத் திரை வரையும் யுஎல்ஏ என்ற சிப்பும் பிராசசரும் பங்குபோட்டுக்கொள்கின்றன. யுஎல்ஏ படம் எடுக்கும் நேரத்தில் பிராசசர் காத்திருக்க வேண்டும். 32768க்கு மேல் அந்தக் காத்திருப்பு இல்லை. எழுத்துகளை 60000க்கும், வரையும் நிரலை 64000க்கும் மாற்றினேன், கிளியர் 59999. நிரலுக்குள் இருந்த முகவரிகளையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு திரை முழுக்கத் தமிழ் நிரம்புவது கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. நிரல் இல்லாமல் சிப்பை மட்டும் போட்டிருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

இடம் கிடைத்ததும் எடிட்டர் முடிந்தது. அதன்பின் ஆத்தங்குடிக் கல்லில் இறங்கினேன். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் பூ எப்படி முழுதாகிறது என்று கேட்டேன். "கல்லுல கால் பூதாண்ணே இருக்கும். நாலு கல்லச் சேத்தாத்தான் பூவு" என்றார். நிரலுக்கு அதுவே போதும். 8 பைட்டில் கால் பூ வரைகிறேன். பைட்டுகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மேல் கீழ் கவிழ்ந்த பிம்பம். ஒவ்வொரு பைட்டின் பிட்டுகளையும் வலம் இடமாகத் திருப்பினால் பக்கவாட்டுப் பிம்பம். இரண்டையும் செய்தால் நான்காவது. 8 பைட்டில் ஒரு முழுப் பூ. அதைத் திரை முழுக்கப் பரப்பினால் ஒரு தளம். ஒரு கட்டத்துக்கு இரண்டு வண்ணம்தான் என்ற ஸ்பெக்ட்ரமின் கட்டுப்பாடு வேறு வேலைகளில் எரிச்சல் தரும், இங்கே பொருந்திப் போகிறது. புதிதாக மெஷின் கோடு பழகுகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பயிற்சி இதுதான். பிட்டைத் திருப்புவது என்ன என்று புத்தகத்தில் படிப்பதைவிட, பூ தலைகீழாகத் திரும்புவதைப் பார்த்தால் மனத்தில் நிற்கும்.

கோலமும் போட்டுப் பார்த்தேன். ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் டிரா கட்டளைக்கு மூன்றாவதாக ஒரு கோணம் கொடுத்தால் வளைவாக வரையும். சிக்குக் கோலத்தின் சுழிக்கு அது நன்றாக உதவுகிறது. வளைவு மட்டும் மெதுவாகத்தான் வரும். எங்கள் பக்கத்து நடுவீட்டுக் கோலம் கட்டமும் நேர்கோடுமாக இருப்பதால் சட்டென்று வந்துவிடுகிறது.

சேமிப்பு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஒலிப்பதிவாகச் சேமித்த நிரல்களைக் கைப்பேசியிலிருந்து இயர் சாக்கெட்டுக்கு வயர் போட்டு, ஒலியைக் கூட்டிவைத்து ஏற்றலாம். கைப்பேசியில் ஒலியை ‘மேம்படுத்தும்’ அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஏறாது. 48 கே.பி. நிரல் ஏற நாலைந்து நிமிடம் ஆகும். எடிட்டரைத் திருத்தித் திருத்தி ஏற்றும்போது அந்த நிமிடங்கள் உறுத்தத் தொடங்கின. அப்போதுதான் எஸ்டி கார்டு வைக்கும் இணைப்பை வாங்கினேன். பின்பக்க எட்ஜ் கனெக்டரின் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். கணினி ஓடும்போது எதையும் செருகவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. அந்தக் கனெக்டரில் பிராசசரின் கால்கள் நேராக வெளியே நிற்கின்றன.

மெஷின் கையில் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம். 1986இல் சின்க்ளேர் கணினிகளின் உரிமையை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், பழைய மெஷினைப் போலவே இன்றைய கணினியை நடக்கவைக்கும் எமுலேட்டர் நிரல்களோடு ஸ்பெக்ட்ரம் ரோமை வழங்க அனுமதி கொடுத்திருக்கிறது. ஃபியூஸ் என்ற எமுலேட்டர் இலவசம். அதில் மெஷின் வகையைக் கேட்கும் இடத்தில் 48ஐயோ 128ஐயோ எடுக்காமல் 16 கே.பி.யைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்ப் பெயரில் உள்ள எழுத்துகளைக் கணக்கு நோட்டில் 16க்கு 16 கட்டத்தில் வரைந்து, 28000இலிருந்து போக் செய்துகொண்டே வாருங்கள். எழுத்து வடிவம் எத்தனையாவதைத் தாண்டும்போது நினைவகம் தீர்கிறது என்று பாருங்கள். சாலிடரிங் அயர்ன் வாங்குவதைப் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.